உபயோகிப்பவர் யார்? காசு கொடுப்பவர் யார்? நடை இயந்திர வியாபாரம் தரும் பாடம்



ஓட்டலுக்கு மளிகை போடும் கடைக்காரருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சரக்கைத் தேர்ந்தெடுப்பவர் சமையல் மாஸ்டர். சாப்பிடுபவர் வாடிக்கையாளர். காசு கொடுப்பவர் முதலாளி. முதல் இருவரும் எவ்வளவு மெச்சினாலும் முதலாளி தலையசைக்காமல் நம் கல்லாவுக்குப் பணம் வராது. இந்த உண்மை மருத்துவ உலகின் ஒரு பெரிய கண்டுபிடிப்பையே பத்து ஆண்டுகள் காக்க வைத்தது. அந்தக் கதையைப் படிப்பது நமக்கு லாபம்.

இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர் அமித் கோஃபர் 1997இல் ஒரு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2001இல் ஒரு கம்பெனி தொடங்கி, 'ரீவாக்' என்ற நடை இயந்திரத்தை உருவாக்கினார். இதைக் கால்களோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள், கூடவே ஒரு பேட்டரி. உடலைச் சற்று முன்னால் சாய்த்தால் இயந்திரம் காலை எடுத்து வைக்கும். இரு கைகளிலும் ஊன்றுகோல் வேண்டும். கைகளிலும் வலு குறைந்திருந்ததால் கோஃபரே தம் கருவியை அணிய முடியாமல் போனது.

2014 ஜூன் மாதம், இதை வீட்டில் உபயோகிக்க அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. செப்டம்பரில் கம்பெனி 12 டாலர் வீதம் பங்கு வெளியிட்டது. முதல் நாளே விலை இரட்டிப்புக்கு மேல் போயிற்று. சந்தை திறந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஒரு கருவியின் விலை ஏறத்தாழ 70 ஆயிரம் டாலர். சக்கர நாற்காலியில் இருக்கும் எத்தனை பேரால் அவ்வளவு தொகை கொடுக்க முடியும்? காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் முன்வரவில்லை. 2017இல் சுமார் 78 லட்சம் டாலராக இருந்த ஆண்டு விற்பனை, 2022இல் 55 லட்சமாக இறங்கியது. அந்த ஆண்டின் நட்டம் விற்பனையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! பங்கு விலையும் அடியோடு சரிந்தது. சரக்கும் இருந்தது, தேவையும் இருந்தது. காசு கொடுப்பவர் இல்லை.

கொடுப்பவர் ஒவ்வொருவராகத்தான் வந்தார். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை, தகுதியுள்ள வீரர்களுக்கு வாங்கித் தர முடிவு செய்தது. 2018இல் ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டு உபகரணப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2024 ஏப்ரலில்தான் மெடிகேர் என்னும் அமெரிக்க அரசுக் காப்பீடு, இக்கருவிக்கு 91,032 டாலர் என்று தொகை நிர்ணயித்தது. லைஃப்வார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அக்கம்பெனியின் அந்த ஆண்டு விற்பனை சுமார் 257 லட்சம் டாலர். ஆனால் 2023இல் விலைக்கு வாங்கிய நடைப்பயிற்சி இயந்திரக் கம்பெனியின் விற்பனையும் இதில் அடக்கம். கணக்கறிந்தவர் இதைப் பிரித்துத்தான் பார்ப்பார். 2024இலும் நட்டம் நீங்கவில்லை.

ஜப்பானில் வழி வேறு. பேராசிரியர் சங்காய் 2004இல் தொடங்கிய சைபர்டைன் கம்பெனி, 'ஹால்' என்ற தன் கருவியைப் பெரும்பாலும் வாடகைக்கே ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறது. நம் ஊர்ப் பாத்திரக் கடை கல்யாண வீட்டுக்கு அண்டா தருவது போல! 2016 முதல் எட்டு அரிய நரம்பு, தசை நோய்களுக்கு ஹால் சிகிச்சையை அந்நாட்டு மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

இனி நாம் கற்க வேண்டியவை:

1. அனுமதியும் பாராட்டும் விற்பனை ஆகா. புதுச் சரக்கு எடுக்குமுன், இதற்குக் காசு தருபவர் யார், எப்போது தருவார் என்று கேளுங்கள். 'நல்ல சரக்கு, தானே ஓடும்' என்ற பேச்சை மட்டும் நம்பி மூட்டை மூட்டையாக இறக்காதீர்கள்.

2. முழு விலை கொடுக்க முடியாதவருக்கு வாடகையோ தவணையோ வழியாகலாம். ஆனால் அதுவரை முடங்கும் முதலைத் தாங்க நமக்குச் சக்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. விற்ற பிறகும் பொறுப்பு உண்டு. 2024இல் அமெரிக்காவில் ஒருவரின் நடை இயந்திரத்தில், மணிக்கட்டுக் கருவியின் சிறு மின்கம்பி பழுதானது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட இயந்திரத்தைத் தொடமாட்டோம் என்று விற்றவர்கள் கைவிரித்தனர். செய்தி வெளியாகிப் பலரும் கண்டித்த பிறகே பழுது நீக்கப்பட்டது. அதுவரை அவர் நடக்க முடியவில்லை. மிக்சியோ தராசோ விற்பவரும் இதை மறக்கக் கூடாது.

இன்று கடை அடைக்குமுன் பேரேட்டைத் திறந்து, அதிகம் தேங்கிய மூன்று சரக்குகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேட்பவர் யார், காசு கொடுப்பவர் யார் என்று குறியுங்கள். இரண்டாவது இடம் காலியாக இருந்தால், அடுத்த கொள்முதலை நிறுத்தி யோசியுங்கள்.