அணுமின் நிலையங்களில் நீர்ப் பரிசோதனையும் அதன் தரக் கட்டுப்பாடும்



உயர்தரத்தில் கலைத்துறையினரும் எழுதவேண்டிய பொதுப் பரீட்சையை மனத்திற்கொண்டு இப்பாடம் தரப்படுகிறது. விஞ்ஞானத் துறையினர் "இது எமக்குத் தெரிந்ததுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். செய்முறையில் ஏற்படும் வழுக்கள் பற்றிய வினாக்களுக்கும் இது பயன்படும். எழுதுபவன் கலைப் பட்டதாரி என்பதால் சூத்திரங்கள் குறைவாகவும் விளக்கம் சற்று அதிகமாகவும் இருக்கும்.

நீருக்கு அங்கே என்ன வேலை?

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. எமக்கு அண்மையில் உள்ளவை தமிழ்நாட்டின் கல்பாக்கமும் கூடங்குளமும் ஆகும். கல்பாக்கத்தின் இரு அலகுகளும் 1984 இலும் 1986 இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. கூடங்குளத்தின் முதலாவது அணு உலையில் 2013 ஜூலையிலும் இரண்டாவதில் 2016 ஜூலையிலும் தொடர் கருப்பிளவு தொடங்கியது. கூடங்குளத்துக்கும் எமது கற்பிட்டிக் கரைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர்தான். ஆகவே அங்குள்ள ஆய்வுகூடத்தில் ஒருவர் என்ன எண்ணைக் கொப்பியில் எழுதுகிறார் என்பது எமக்குச் சம்பந்தமில்லாத விடயம் அன்று.

கருப்பிளவினால் உண்டாகும் வெப்பத்தை எடுத்துச் செல்வது நீர். முதற் சுற்றில் ஓடும் நீர் உலையினூடாகச் சென்று சூடாகிறது. கல்பாக்கத்தில் இது பார நீர். கூடங்குளத்தில் சாதாரண நீர். அங்கே உலையினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 150 மடங்குக்கும் அதிகம். ஆகையால் 300 பாகை செல்சியசைத் தாண்டியும் நீர் கொதிப்பதில்லை. இந்நீர் தன் வெப்பத்தை இரண்டாம் சுற்றின் நீருக்குக் கொடுக்கிறது. அது நீராவியாகிச் சுழலியைச் சுழற்றி, பின் ஒடுக்கியில் மீண்டும் நீராகிறது. ஒடுக்கியின் மெல்லிய குழாய்களுக்குள்ளே ஓடுவது கடல்நீர். இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒடுக்கியினுள் அமுக்கம் மிகக் குறைவு. குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் தூய நீர் வெளியே போகாது. கடல்நீர்தான் உள்ளே உறிஞ்சப்படும். கடல்நீரின் குளோரைட்டு அயன்கள் உயர் வெப்பநிலையில், இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் கறையில் உருக்கைக்கூடப் பிளக்கச் செய்யும். வெளியே துரு தெரியாது, பளபளப்பாகவே இருக்கும். வெடிப்பு உள்ளே வளரும்.

எவ்வளவு சிறிய அளவு?

2004 திசெம்பர் 26 இன் பின்னர் எமது கரையோரத்தில் உப்புக் கிணறு என்றால் என்னவென்று எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்கு உப்பை உணரத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குக் கீழே இருந்தால் "நல்ல தண்ணீர்" என்று குடித்துவிடுவோம். அணுமின் நிலையத்தின் கொதிநீருக்கு எங்கள் நல்ல தண்ணீர் நஞ்சு. அங்கே குளோரைட்டைக் கணிப்பது மில்லிகிராமில் அன்று, மைக்கிரோகிராமில். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்கிரோகிராம்.

கணக்காகப் பார்ப்போம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. அதாவது 1 மில்லிலீற்றரில் 19 மில்லிகிராம். வீட்டுக் கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தாங்கி நிறையத் தூய நீர் இருக்கிறது. அதற்குள் ஒரு தேக்கரண்டி (5 மில்லிலீற்றர்) கடல்நீரை ஊற்றுகிறீர்கள்.

சேர்ந்த குளோரைட்டு = 5 × 19 = 95 மில்லிகிராம்
செறிவு = 95 ÷ 1000 = லீற்றருக்கு 0.095 மில்லிகிராம் = 95 மைக்கிரோகிராம்

நாக்குக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்த அளவு ஓர் அணுமின் நிலையத்தில் தொலைபேசிகளை அலறவைக்கப் போதுமானது. இப்போது ஒன்றைச் சிந்தியுங்கள். பரிசோதிப்பவரின் விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. போத்தலின் வாயை அவர் விரலால் தொட்டுவிட்டால்? கண்டுபிடிக்கப்பட்ட உப்பு ஒடுக்கியிலிருந்து வந்ததா, விரலிலிருந்து வந்ததா? தரக் கட்டுப்பாடு என்ற விடயம் முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

பிழை இரு பக்கமும் தீங்கு செய்யும். இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டினால் நிலையத்தை வீணாக நிறுத்த நேரிடும். இருக்கும் உப்பை இல்லை என்று காட்டினால் உருக்கு மௌனமாக அரிபடும். இரண்டாவதுதான் பயங்கரமானது, ஏனெனில் அதைப்பற்றி எவரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள்.

மாதிரி எடுத்தல்

பரிசோதனை ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை, குழாயடியில் தொடங்குகிறது. மாதிரிக் குழாயில் தேங்கி நின்ற நீரை முதலில் ஓடவிட வேண்டும். போத்தலை அதே நீரால் பலமுறை அலச வேண்டும். கண்ணாடிப் போத்தல் இவ்வேலைக்கு உதவாது. கண்ணாடியிலிருந்து சோடியமும் சிலிக்காவும் நீரில் கரையும். எனவே பொலித்தீன் வகைப் போத்தல்களே பயன்படுகின்றன.

இன்னொரு வில்லங்கம் காற்று. முற்றிலும் தூய நீரின் மின்கடத்துதிறன் 25 பாகை செல்சியசில் சென்ரிமீற்றருக்கு 0.055 மைக்கிரோசீமன். அதே நீரைத் திறந்த முகவையில் சிறிது நேரம் வைத்தால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து அப்பெறுமானம் 1 மைக்கிரோசீமன் அளவுக்கு ஏறிவிடும். பீ.எச். பெறுமானமும் 7 இலிருந்து 6 இற்கும் கீழே இறங்கும். நீரில் குற்றமில்லை, திறந்து வைத்ததுதான் குற்றம். இதனாலேயே மின்கடத்துதிறனை நீர் ஓடும் குழாயிலேயே பொருத்திய மானியால் அளக்கிறார்கள். வினாத்தாளில் "ஏன்?" என்று கேட்டால் காபனீரொட்சைட்டைக் குறிப்பிடாத விடைக்கு முழுப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.

திருத்தமும் செம்மையும்

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. உண்மைப் பெறுமானத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறோம் என்பது திருத்தம். திரும்பத் திரும்ப அளக்கும்போது விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அண்மையில் இருக்கின்றன என்பது செம்மை. உண்மைப் பெறுமானம் 100 என்று தெரிந்த கரைசலை இருவர் அளக்கிறார்கள். ஒருவருக்கு 97, 103, 100. மற்றவருக்கு 112, 112, 113. இரண்டாமவரின் எண்கள் அழகாக ஒத்துப்போகின்றன. ஆனால் அவரை நம்பினால் கெட்டோம். அவருடைய மானி ஒரே பக்கமாக விலகி நிற்கிறது. இது ஒழுங்கான வழு. எத்தனை தடவை அளந்தாலும் இடையைக் கணித்தாலும் இது நீங்காது. உண்மைப் பெறுமானம் தெரிந்த கரைசலோடு ஒப்பிட்டால் மட்டுமே பிடிபடும்.

ஆய்வுகூடம் தன்னைத்தானே சோதித்தல்

ஆய்வுகூடம் நீரைச் சோதிக்கும் ஒவ்வொரு நாளும் தன்னையும் சோதிக்கிறது. முதலில் வெற்று மாதிரி. தூய நீரையே மாதிரி போல எல்லாப் படிகளுக்கும் உட்படுத்துகிறார்கள். அதில் குளோரைட்டு தென்பட்டால் அது போத்தலிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது. அடுத்து நியமக் கரைசல். அதன் செறிவு முன்பே உறுதிசெய்யப்பட்டது. மானியைச் சரிசெய்யப் பயன்படுத்திய கரைசலையே இச்சோதனைக்கும் எடுக்கக்கூடாது. வேறோர் இடத்தில் தயாரித்ததாக இருப்பது நல்லது. தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்தினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மூன்றாவது, இரட்டை மாதிரி. ஒரே நீரை இரு போத்தல்களில் எடுத்துத் தனித்தனியே அளத்தல். நான்காவது, தெரிந்த அளவு குளோரைட்டை மாதிரிக்குள் சேர்த்து, சேர்த்தது முழுவதும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தல். நீரிலுள்ள வேறு பதார்த்தங்கள் அளவீட்டைக் குழப்புவது இதில்தான் வெளிப்படும். பீ.எச். மானியைக் குறைந்தது இரண்டு தாங்கற் கரைசல்களால் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

கூடங்குளம் போன்ற உலைகளில் இன்னோர் அளவீடும் உயிர்நாடியானது. முதற் சுற்று நீரில் போரிக் அமிலம் கரைக்கப்பட்டிருக்கும். போரன் நியூத்திரன்களை விழுங்கிக் கருப்பிளவின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் குறையக் குறைய இதன் செறிவையும் படிப்படியாகக் குறைப்பார்கள். இதை அளவியை வைத்துக்கொண்டு நியமிப்பு மூலமே அளக்கலாம். போரிக் அமிலம் மிக மென்னமிலம் என்பதால் மனிற்றோல் சேர்த்து அதன் அமிலத் தன்மையைக் கூட்டிக்கொள்வார்கள். நீங்கள் பாடசாலையில் பிடித்த அதே அளவிதான். அங்கே அதன் வாசிப்பைப் பார்த்து ஓர் உலை நடத்தப்படுகிறது.

கட்டுப்பாட்டு வரைபு

1924 இல் அமெரிக்கரான வோல்டர் ஷூவாட் தொலைபேசிச் சாதன உற்பத்திக்காக இவ்வரைபை உருவாக்கினார். நியமக் கரைசலின் வாசிப்பை நாள்தோறும் ஒரு புள்ளியாகக் குறிப்பார்கள். நடுவில் இடைக் கோடு. அதிலிருந்து இரண்டு நியம விலகல் தூரத்தில் எச்சரிக்கைக் கோடுகள். மூன்று நியம விலகல் தூரத்தில் செயற்பாட்டுக் கோடுகள். எல்லாம் சீராக இருந்தால் ஆயிரம் புள்ளிகளில் ஏறத்தாழ மூன்றுதான் செயற்பாட்டுக் கோட்டைத் தாண்டும்.

உதாரணத்துக்காக நாமே சில எண்களை எடுத்துக்கொள்வோம். இடை 50, நியம விலகல் 2. எச்சரிக்கைக் கோடுகள் 46, 54. செயற்பாட்டுக் கோடுகள் 44, 56. திங்கள் முதல் ஞாயிறு வரை வாசிப்புகள்: 51, 49, 52, 53, 53, 54, 57.

ஞாயிறன்று கோடு தாண்டப்பட்டுவிட்டது. அன்று நிலைய நீருக்குப் பெற்ற எந்த எண்ணையும் வெளியிடக்கூடாது. ஆனால் திறமையான பரிசோதகர் ஞாயிறுவரை காத்திருக்கமாட்டார். செவ்வாய்க்குப் பிறகு எண் ஒருமுறையேனும் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. மானி நகர்கிறது அல்லது நியமக் கரைசல் ஆவியாகிச் செறிவு கூடுகிறது. புள்ளிகள் கோட்டுக்குள் இருந்தாலும் தொடர்ந்து ஏழு எட்டு ஒரே பக்கத்தில் நின்றால் காரணம் தேட வேண்டும். இவ்வரைபின் பெறுமதியே, பிழை நடப்பதற்கு முன்பே அது வரும் திசையைக் காட்டுவதுதான்.

எண்ணை எழுதியவர் அளந்தாரா?

1999 இல் இங்கிலாந்தின் செலாபீல்ட் அணு எரிபொருள் ஆலையில் ஒரு விடயம் அம்பலமானது. யப்பானுக்காகச் செய்த எரிபொருள் வில்லைகளின் விட்டத்தை மீண்டும் கையால் அளந்து பதியவேண்டிய சிலர், அளக்காமல் முன்னைய தொகுதியின் எண்களைப் பிரதிபண்ணியிருந்தார்கள். இரு தொகுதிகளின் எண்கள் ஒன்றுபோல இருந்ததே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. உண்மையான அளவீடுகள் ஒருபோதும் அப்படி ஒத்துப்போவதில்லை. வில்லைகள் முன்பே இயந்திரத்தால் அளக்கப்பட்டவைதான். இருந்தும் யப்பானுக்குப் போன எரிபொருள் 2002 இல் திரும்பி வந்தது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். செய்முறைக் கொப்பியில் பக்கத்திலிருப்பவரின் வாசிப்பைப் பார்த்து எழுதும் தம்பி தங்கைகள் இந்தப் பந்தியை இன்னொருமுறை வாசிக்கலாம்.

அளக்கவே மறந்ததன் விலை இன்னும் பெரிது. யப்பானின் மிஹாமா நிலையத்தின் மூன்றாம் அலகில் 2004 ஓகஸ்ட் 9 ஆந் திகதி இரண்டாம் சுற்றின் குழாய் ஒன்று வெடித்தது. ஓடும் சுடுநீர் ஆண்டுக்கணக்காக உட்சுவரைக் கரைத்திருந்தது. 10 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்த சுவர் 1.5 மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. 1976 இல் நிலையம் தொடங்கியதிலிருந்து அந்த இடம் ஒருதடவையேனும் பரிசோதிக்கப்படவில்லை. பரிசோதனைப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. கொன்றது வெறும் சுடுநீரும் நீராவியும்தான்.

வெளியார் சோதனை

ஆய்வுகூடம் தன்னைத்தானே எவ்வளவு சோதித்தாலும் போதாது. எனவே செறிவு மறைக்கப்பட்ட ஒரே கரைசலைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள். ஆய்வுகூடங்களின் தகுதிக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 17025. இலங்கையில் இத்தகுதியை வழங்கும் சபை 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அணுமின் நிலையங்களை மேற்பார்வை செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 இல் உருவானது. 2011 இல் புக்குஷிமா விபத்தின் பின்னர் இடிந்தகரை மீனவக் கிராமத்தில் கூடங்குள உலைக்கு எதிராகப் பெரும் போராட்டம் எழுந்ததை அறிவீர்கள். சரி பிழை எப்படியாயினும், பக்கத்தில் வாழும் மக்களுக்குப் பரிசோதனை எண்கள் விளங்கும் மொழியில் கிடைக்கவேண்டும் என்பது இந்நூலாசிரியரின் கருத்து.

பயிற்சி வினாக்கள்

1. 500 லீற்றர் தூய நீரில் 1 மில்லிலீற்றர் கடல்நீர் கலந்தது. குளோரைட்டுச் செறிவு லீற்றருக்கு எத்தனை மைக்கிரோகிராம்?

2. மாதிரியின் செறிவு 20 அலகு. அதனுடன் 30 அலகு சேர்த்தபின் அளந்தபோது 44 கிடைத்தது. சேர்த்ததில் எத்தனை வீதம் திரும்பக் கிடைத்தது?

3. ஒரு பரிசோதகர் நியமக் கரைசலை அளக்காமல் நேற்றைய எண்ணை எழுதினார். அன்று நிலைய நீரில் குறை இருக்கவில்லை. "தீங்கு எதுவும் நடக்கவில்லை" என்ற வாதத்தை ஆராய்க.

விடைகள்

1. 19 மில்லிகிராம் ÷ 500 = 0.038 மில்லிகிராம், அதாவது 38 மைக்கிரோகிராம்.

2. (44 − 20) ÷ 30 = 0.8, அதாவது 80 வீதம். 20 வீதம் எங்கே போனது என்று தேடாமல் அம்முறையைத் தொடரக்கூடாது.

3. அன்று மானி சரியாக இருந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே "குறை இல்லை" என்பதையும் அந்த மானியை வைத்துச் சொல்ல முடியாது (2 புள்ளிகள்). பின்னொரு நாள் மானி விலகியது தெரியவந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நாள்வரை பின்னோக்கிச் சென்று மாதிரிகளை மீண்டும் சோதிக்க வேண்டும். பொய்ப் புள்ளி அந்த நாளைத் தவறாகக் காட்டும் (2 புள்ளிகள்).