நிரலைப் பொதியாகக் கட்டுவது எப்படி?



நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆய்வகக் கருவி ஒன்று தந்த அளவீடுகளைப் படித்து அட்டவணையாக்கும் நிரலை நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். அவருடைய கணிப்பொறியில் அது பழுதின்றி ஓடியது. என் கணிப்பொறியில் இட்டதும் நின்றுவிட்டது. 'எக்ஸ்எம்எல் பார்சர்' என்னும் மாட்யூலைக் காணவில்லை என்று ஒரு செய்தி வந்தது. சரி, அதையே தேடி இறக்கி நிறுவிவிடலாம் என்று முயன்றேன். இப்போது வேறொரு புகார்: 'எக்ஸ்பாட்' என்பதைக் காணவில்லையாம்! ஒரு மாலைப்பொழுது முழுவதும் இப்படியே கழிந்தது. மறுநாள் மூத்த மாணவர் ஒருவர் வந்தார். ஒரே ஒரு கட்டளையைத் தட்டினார். சற்று நேரத்தில் மாட்யூலும் வந்தது, எக்ஸ்பாட்டும் வந்தது, நிரலும் ஓடியது.

இது மாயமன்று. முன்பின் அறியாத யாரோ ஒருவர் எனக்காக அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். அவ்வேலைக்குத்தான் 'பாக்கேஜ்' செய்தல், அதாவது பொதி கட்டுதல், என்று பெயர். அது எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் அடங்கியுள்ள பொறுப்பு என்ன என்பவற்றை இங்குக் காண்போம்.

மாட்யூல் என்பது என்ன?

என் நண்பர் நிரலை எழுதியது 'பெர்ல்' என்னும் மொழியில். அமெரிக்கரான லாரி வால் 1987-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். பெர்ல், பைத்தான் போன்றவற்றை 'ஸ்கிரிப்ட்' மொழிகள் என்பர். 'சி' மொழியில் எழுதியதை முதலில் இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் மொழியில் அத்தனியான படி தேவையில்லை. எழுதியதை அப்படியே கொடுத்தால், பெர்ல் என்னும் இயக்கி அதைப் படித்து நிறைவேற்றிவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து நிரல் எழுதுவது வீண். நாள், மணிக் கணக்குகளைச் செய்வதற்கு ஒருவர் எழுதியதை மற்றவர் பயன்படுத்தலாம் அல்லவா? அவ்வாறு பிறர் எடுத்தாளும்படி தனியாக எழுதி வைத்த நிரல்துண்டே மாட்யூல். பெர்ல் மாட்யூல்களுக்கென்று 'சிபான்' என்னும் பொதுக் களஞ்சியம் 1995 முதல் இயங்கி வருகிறது. அதில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் உள்ளன.

களஞ்சியம் இருக்கும்போது தனியாகப் பொதி எதற்கு?

நல்ல கேள்வி! பெர்ல் களஞ்சியத்துக்குப் பெர்ல் உறவினர்களைத்தான் தெரியும். 'இந்த மாட்யூலுக்கு அந்தப் பெர்ல் மாட்யூல் வேண்டும்' என்பதை அது அறியும். ஆனால் எக்ஸ்பாட் ஒரு பெர்ல் மாட்யூல் அன்று. அது 'சி' மொழியில் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய தனி நூலகம். எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரித்துப் படிக்கும் கடினமான வேலையை அந்நூலகமே செய்கிறது. பெர்ல் மாட்யூல் அதற்கு ஒரு முகப்பு மட்டுமே. ஆகவே ஒரு மொழியின் எல்லையைத் தாண்டியும் தேவைகளை அறிந்த ஒருவர் நடுவில் வேண்டும். இயங்குதளத்தின் பொதியாளர்தான் அவர்.

உலகெங்கும் புகழ்பெற்ற 'டெபியன்' இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். இயான் மர்டாக் என்னும் மாணவர் 1993 ஆகஸ்டில் இதைத் தொடங்கினார். இது கட்டற்ற இயங்குதளம். இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். 2023-இல் வெளியான இதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. உபுண்டு இதிலிருந்து பிறந்ததே. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளமும் அவ்வாறே. ஆக, ஒரு டெபியன் பொதியாளர் செய்யும் நன்மையும் தவறும் வெகுதூரம் பயணம் செய்யும்.

பொதிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு டெபியன் பொதியைப் பிரித்தால் உள்ளே மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது மிகச் சிறியது; பொதியின் அமைப்பு எந்த வகை என்பதைக் குறிக்கும் '2.0' என்னும் எண் மட்டுமே அதில் உண்டு. மூன்றாவது பகுதியில் கணிப்பொறியில் வைக்கப்பட வேண்டிய உண்மையான கோப்புகள் இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் விவரச் சீட்டு. பொதியின் உயிர்நாடி என்று இதைச் சொல்லலாம்.

சீட்டில் முதலில் பெயர். இதற்குத் திட்டமான விதி உண்டு. மாட்யூலின் பெயரைச் சிறிய எழுத்துகளாக்கி, முன்னால் 'லிப்' என்பதையும் பின்னால் 'பெர்ல்' என்பதையும் சேர்க்க வேண்டும். நடுவிலுள்ள இரட்டை முக்காற்புள்ளிகளைச் சிறுகோடாக மாற்ற வேண்டும். எனவே நம் மாட்யூலின் பொதிக்கு 'லிப்எக்ஸ்எம்எல்-பார்சர்-பெர்ல்' என்று பெயர். பைத்தான் மாட்யூலானால் பெயரின் முன்னால் 'பைத்தான்3' என்று வரும்.

அடுத்து, பதிப்பு எண். 2.46-1 என்று இருந்தால், கோட்டுக்கு முன்னுள்ளது மாட்யூலை எழுதியவர் கொடுத்த எண்; பின்னுள்ளது பொதியாளர் எத்தனையாவது முறை கட்டினார் என்பதைக் காட்டும் எண். இருவர் வேலையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

அதன் பின் தேவைகள். இவற்றுள் தரவேறுபாடு உண்டு. 'இன்றியமையாதவை' என்று குறித்தவை இல்லாமல் பொதி இயங்காது. 'பரிந்துரைப்பவை' இருந்தால் நலம். எடுத்துக்காட்டாக, 'ஜேசன்' என்னும் பெர்ல் மாட்யூல் தனியாகவே இயங்கும். 'சி' மொழியில் எழுதிய அதன் துணை மாட்யூலும் இருந்தால் விரைவாக இயங்கும். ஆகவே அத்துணை பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறுகிறது. நம் எக்ஸ்எம்எல் பார்சருக்கோ எக்ஸ்பாட் இல்லாவிட்டால் ஒன்றுமே ஓடாது; எனவே அது இன்றியமையாதவற்றில் வருகிறது.

மூத்த மாணவர் தட்டிய கட்டளையின் இரகசியம் இப்போது விளங்கியிருக்கும். 'ஆப்ட்' என்னும் நிரல் சீட்டைப் படித்தது. தேவையானவற்றைக் கண்டது. அவற்றின் சீட்டுகளையும் படித்தது. அவற்றுக்குத் தேவையானவற்றையும் கண்டது. இவ்வாறு சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை சென்று, இல்லாதவற்றை எல்லாம் வரவழைத்தது. 'டிபேக்கேஜ்' என்னும் மற்றொரு நிரல் அவற்றைப் பிரித்து உரிய இடங்களில் வைத்தது. இரண்டு நிரல்களுக்கும் சொந்த அறிவு கிடையாது. சீட்டில் எழுதியிருப்பதை அவை அப்படியே நம்புகின்றன. சீட்டு பொய்யானால் கணக்கும் பொய்யாகிவிடும்.

காலியான அறையில் சோதனை

சீட்டில் ஒரு தேவையை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும்? வியப்பு என்னவென்றால், பொதியாளரின் கணிப்பொறியில் ஒன்றுமே ஆகாது! அங்குதான் அந்த நூலகம் முன்பே இருக்கிறதே! பிழை வெளிப்படுவது ஊரிலுள்ள மற்ற கணிப்பொறிகளில்தான். என் நண்பருக்கும் எனக்கும் நேர்ந்தது இதுவே.

இயற்பியல் ஆய்வகத்திலும் இதே நிலை உண்டு. தனி ஊசல் சோதனைக்கு வேண்டிய பொருள்களை எழுதும்போது நிறுத்து கடிகாரத்தை ஒரு மாணவர் விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். நம் ஆய்வகத்தில் அது மேசையிலேயே கிடப்பதால் குறை தெரியாது. பட்டியலை மட்டும் நம்பி வேறொரு பள்ளியில் சோதனையைத் தொடங்கினால், ஊசல் ஆடும். அலைவு நேரத்தை அளக்க வழியிராது. பட்டியல் சரியா என்று அறிய ஒரே வழி, காலியான அறையில் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் வைத்துச் சோதனையைச் செய்து பார்ப்பதே.

டெபியனில் அப்படியேதான் செய்கிறார்கள். கணிப்பொறிக்குள் அடிப்படைப் பொதிகள் மட்டுமுள்ள ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறார்கள். சீட்டில் எழுதியவற்றை மட்டும் அதில் நிறுவி, மாட்யூலைக் கட்டுகிறார்கள். கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக்கூடாது என்பது விதி. மாட்யூலை எழுதியவர் அத்துடன் கொடுத்துள்ள சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று தவறினாலும் கட்டுமானம் நின்றுவிடும்.

இங்கு மற்றொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். பெர்லில் மட்டும் எழுதிய மாட்யூலை ஒரு முறை கட்டினால் போதும்; எல்லா வகைக் கணிப்பொறிக்கும் அது பொருந்தும். 'சி' மொழிப் பகுதி உள்ள மாட்யூலை ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். காரணம், இயந்திர மொழி செயலிக்குச் செயலி வேறுபடும்.

கட்டிய பொதி உடனே எல்லோரையும் சென்றடைவதில்லை. முதலில் 'நிலையற்றது' என்னும் கிளைக்குச் செல்கிறது. சில நாட்கள் கழிந்தும் கடுமையான புதிய பிழை எதுவும் தெரியாவிட்டால் 'சோதனை' என்னும் கிளைக்கு நகர்கிறது. அங்கு நெடுநாள் பண்பட்ட பிறகே 'நிலையானது' என்னும் பதிப்பில் இடம் பெறுகிறது.

இரண்டு வரிகளின் கதை

இத்தனை எச்சரிக்கை தேவையா என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். இது பெர்ல் மாட்யூல் பற்றியதன்று. ஆனால் பாடம் எல்லாப் பொதிகளுக்கும் பொது.

'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் நூலகம் இரகசியச் சாவிகளை உண்டாக்குகிறது. சாவி பிறரால் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டுமானால், அதற்குத் தற்செயல் எண்கள் வேண்டும். பிழை தேடும் கருவி ஒன்று, இந்நூலகம் மதிப்பிடப்படாத நினைவகப் பகுதியைப் படிப்பதாக எச்சரித்தது. எச்சரிக்கை வராமலிருக்க, 2006-இல் டெபியன் பொதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் கேடில்லை. மற்றொன்றோ பல இடங்களிலிருந்து திரட்டிய தற்செயல் எண்களைக் கலந்துவிடும் வரி! அது போனபின், சாவிக்கு மிஞ்சிய ஒரே தற்செயல், ஓடும் நிரலுக்குக் கணிப்பொறி கொடுக்கும் வரிசை எண் மட்டுமே. அவ்வெண் 32,768-ஐத் தாண்டாது. அதாவது 2-இன் 15-ஆம் அடுக்கு. வினாடிக்குப் பத்துச் சாவி வீதம் போட்டுப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம்!

நிரல் வழக்கம்போல் ஓடியது. சாவிகளும் பார்வைக்கு நல்ல சாவிகளாகவே இருந்தன. அதனால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் எவருக்கும் ஐயம் எழவில்லை. 2008 மே 13-ஆம் நாள் டெபியனே இதை உலகுக்கு அறிவித்தது. பொதியைத் திருத்தியது மட்டும் போதவில்லை. இடைக்காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டான சாவிகளைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியதாயிற்று.

இதிலிருந்து அறிவது என்ன? பொதியாளர் மூல நிரலைத் திருத்த நேரும்போது, எழுதியவரின் மூலத்தைத் தொடாமல் வைத்து, தம் திருத்தத்தைத் தனிக் கோப்பாக எழுத வேண்டும். ஏன் திருத்தினோம் என்பதையும் குறிக்க வேண்டும். அதை மூல ஆசிரியருக்கும் அனுப்பி அவர் கருத்தைக் கேட்பது நல்லது. அப்போதுதான் ஒருவர் கண்ணில் படாத தவறு மற்றவர் கண்ணில் படும். எழுதியவர் யார், எந்த உரிமத்தில் வழங்கினார் என்பதற்கும் பொதியில் தனிக் கோப்பு உண்டு. பிறர் உழைப்பை வழங்கும்போது இது அடிப்படை நேர்மை.

யார் இவர்கள்?

டெபியனின் பெர்ல் குழு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளைக் கூட்டாகப் பராமரிக்கிறது. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பணி இது. புதிய பொதிக்கான சட்டகத்தை ஆக்கித் தரும் கருவிகளும் அவர்களிடம் உண்டு. ஆனால் கருவி எழுதிய சீட்டை மனிதர் ஒருவர் படித்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். எக்ஸ்பாட் போன்ற அயல்மொழித் தேவையையும் உரிமத்தின் நுட்பத்தையும் அறிந்து சொல்பவர் அவரே.

என் மாலைப்பொழுதை மீட்டுத் தந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. 'எக்ஸ்பாட் தேவை' என்று ஒரு வரியை அவர் மறக்காமல் எழுதியிருந்தார். அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த முறை ஆய்வக ஏட்டில் 'தேவையான பொருள்கள்' என்று எழுதும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலை நம்பி ஒருவர் எங்கோ சோதனையைத் தொடங்கக்கூடும்.

செய்து பாருங்கள்

1. 'டெக்ஸ்ட்', 'சிஎஸ்வி' என்னும் இரு சொற்களை இரட்டை முக்காற்புள்ளியால் இணைத்த பெயருடைய பெர்ல் மாட்யூல் ஒன்று உண்டு. அதன் டெபியன் பொதிக்கு என்ன பெயர் வரும்?

2. உங்கள் பள்ளியில் டெபியன், உபுண்டு அல்லது பாஸ் உள்ள கணிப்பொறி இருந்தால், 'ஆப்ட் ஷோ' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, அருகில் ஒரு பொதியின் பெயரைக் கொடுங்கள். விவரச் சீட்டு திரையில் தோன்றும். அதிலுள்ள தேவைகளுள் ஒன்றை எடுத்து அதன் சீட்டையும் பாருங்கள். எத்தனை படிகள் செல்கிறது என்று வரைபடமாக வரையுங்கள்.

3. சாவிக்குக் கிடைக்கும் தற்செயல் 2-இன் 15-ஆம் அடுக்கிலிருந்து 2-இன் 40-ஆம் அடுக்காக உயர்ந்தால், அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று பார்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.