இணையதளம் திறக்கவில்லையா? திரையில் வரும் செய்தியை முதலில் படியுங்கள்

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது முதல், நமது வரிக்கணக்கு இணையதளத்தின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு 3பி படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 20-ம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி ஏதும் இல்லாதவர்களுக்கு 20 ரூபாய். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி வேறு. ஆகவே அன்று மாலை தளம் திறக்கவில்லை என்றால், 'நெட் சரியில்லை' என்று சொல்லிவிட்டு இருக்க முடியாது.

வெளியூர் மண்டியிலிருந்து சரக்கு வரவில்லை என்றால், பாதை சரியா, விலாசம் சரியா, மண்டி திறந்திருக்கிறதா என்று வரிசையாக விசாரிக்கிறோம் அல்லவா? இதற்கும் அதே முறைதான். கோளாறு எந்த இடத்தில் என்பதைத் திரையில் வரும் செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

1. பாதை: 'நோ இன்டர்நெட்' என்று, குரோம் பிரவுசரில் சிறிய டைனோசர் படத்துடன் வந்தால், நமது லைனில்தான் கோளாறு. கேபிள் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அவசரமானால் செல்போனின் ஹாட்ஸ்பாட் மூலம் கம்ப்யூட்டரை இணைத்து வேலையை முடித்துவிடலாம்.

2. விலாசம்: 'நேம் நாட் ரிசால்வ்டு' அல்லது 'டி.என்.எஸ்.' என்று வந்தால், தளத்தின் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிழை இல்லையென்றால் டி.என்.எஸ். அமைப்பில் 8.8.8.8 என்ற கூகுளின் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

3. மறுமுனை: 'டைம்டு அவுட்' என்றால் பதில் வரவில்லை என்று அர்த்தம். '503' என்றால் அவர்களுடைய சர்வர் அப்போது வேலையை ஏற்கும் நிலையில் இல்லை. செல்போனில் வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு நம் பக்கம். அதிலும் திறக்காவிட்டால் பெரும்பாலும் அவர்கள் பக்கம். சற்று நேரம் கழித்து முயல்வதுதான் வழி.

4. முத்திரை: எடைக்கல்லுக்கு முத்திரை இருப்பதுபோல, தளத்துக்கும் காலவரையறை உள்ள சான்றிதழ் உண்டு. 'செர்ட் டேட் இன்வாலிட்' என்று வந்தால் முதலில் நமது கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதியைத் திருத்தினால் தளம் திறக்கும். பேட்டரியை மாற்றாவிட்டால் மறுபடியும் இதே தொல்லைதான்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதை மீறி உள்ளே போகும் பொத்தானை அழுத்தாதீர்கள். அது போலித் தளமாக இருக்கலாம். பேங்க் தளத்திலும் வரித் தளத்திலும் பாஸ்வேர்டு கொடுக்கும் முன் இதில் கண்டிப்பு தேவை.

இன்னொன்று. வரிப்பணம் கட்டும்போது பாதியில் தொடர்பு அறுந்தால், பதற்றத்தில் மறுபடியும் பணம் கட்டிவிடாதீர்கள். பேங்க் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா, வரித் தளத்தின் ரொக்கப் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி.

எல்லாவற்றுக்கும் மேலாக, 20-ம் தேதிக்கான வேலையை 15-ம் தேதியே தொடங்குவது நல்லது. அப்போது சர்வர் ஒருநாள் முரண்டு பிடித்தாலும் நமக்கு நஷ்டமில்லை. மேலே சொன்ன நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டிவையுங்கள். கடைப் பையன்களும் பார்த்துக்கொள்வார்கள்.