சொல் தெரிந்தால் போதுமா?

மரபியல் வகுப்பில் “விளங்கியதா?” என்று கேட்டால், “விளங்கியது” என்றே மாணவர் கூறுவர். அதனால் ஆசிரியர் அறிவது ஒன்றுமில்லை. வரையறையை ஒப்பிக்கச் செய்தாலும் நினைவாற்றல்தான் வெளிப்படும். தில்லியில் முதுநிலை விலங்கியல் பயிலும் நான், இளநிலை மாணவருக்குச் செய்முறை வகுப்பில் உதவும்போது கேட்கும் மூன்று வினாக்களை இங்கே தருகிறேன்.

முதல் வினா: ஓங்கு பண்புதான் மக்களிடையே மிகுதியாக இருக்குமா? பலர் ‘ஆம்’ என்பர். ‘ஓங்கு’ என்ற சொல்லே அவர்களை மயக்குகிறது. ஆறாம் விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. ஆயினும் அது அரிது. ஓ வகை இரத்தம் ஒடுங்கு பண்பு. உலகில் அதுவே மிகுதி. ஓங்கு பண்பு தலைமுறைதோறும் பெருகாதா என்ற ஐயம் அறிஞரிடையிலும் எழுந்ததுண்டு. பெருகாது என்று 1908-இல் எளிய கணக்கால் காட்டியவர், பின்னாளில் நம் இராமானுஜனின் மேதையை உலகறியச் செய்த அதே ஹார்டி! இரண்டு ஜீன் வடிவங்கள் ஓருடலில் சேரும்போது எது வெளிப்படுகிறது என்பதை மட்டுமே ‘ஓங்கு’ என்ற சொல் குறிக்கும்.

இரண்டாம் வினா: நெட்டைப் பட்டாணிச் செடியைப் பார்த்தே அதன் ஜீன் அமைப்பைக் கூறலாமா? மெண்டல் 1866-இல் வெளியிட்ட கணக்கில், இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. அந்த நெட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குட்டைக்குரிய ஜீனை மறைத்து வைத்திருப்பவை. குட்டைச் செடியுடன் கலந்து, பிறக்கும் செடிகளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். புறத்தோற்றம் வேறு, ஜீன் அமைப்பு வேறு என்பதை உணர்ந்தவனே இதற்கு விடை சொல்வான்.

மூன்றாம் வினா: தாலசீமியா ஜீனை ஒற்றையாகச் சுமக்கும் தாய் தந்தையருக்கு முதற்குழந்தை அந்நோயுடன் பிறந்தது. அடுத்த மூன்றும் நோயின்றிப் பிறக்குமா? ‘நான்கில் ஒன்று’ என்பதை முறைவைத்து வருவதாக எண்ணுவோர் ‘ஆம்’ என்பர். அன்று, ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு புதிதாக நான்கில் ஒன்றே. இதைத் தவறாக எழுதினால் தேர்வில் ஒரு மதிப்பெண்தான் போகும். வாழ்வில் தவறாக நம்பினால், ஒரு குழந்தை ஆயுள் முழுதும் பிறர் இரத்தத்தை எதிர்பார்த்திருக்க நேரும்.

இவ்வினாக்களுக்குக் கைதூக்கச் சொல்வதில் பயனில்லை. பக்கத்திலிருப்பவன் தூக்கினால் இவனும் தூக்குவான். பெயரெழுதாத துண்டுத் தாளில் விடையையும் அதற்குரிய காரணத்தையும் ஒரு வரியில் வாங்குங்கள். தவறு எங்கே என்பதைக் காரணமே காட்டிவிடும். பிறகு அருகிலிருப்போர் தம்முள் வாதிட்டு, மீண்டும் எழுதட்டும். சங்கத் தோழர்களே, இளையோர்க்குப் பாடம் சொல்லும்போது இதனைச் செய்து பாருங்கள். பத்து நிமிடமே ஆகும்.