திட்டமிட்ட மகப்பேறு: ஊராட்சியினர் அறிய வேண்டுவன

குடும்பக் கட்டுப்பாடு என்னும் சொல் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. 1952ஆம் ஆண்டிலேயே இதனைத் தேசியத் திட்டமாக ஏற்று, உலக நாடுகளுக்கு வழிகாட்டிய நாடு நம் பாரத நாடு. ஆதலின், “எல்லோர் வீட்டிலும் இப்பொழுது ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தாமே இருக்கின்றன? இதில் இனிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?” என ஊராட்சி உறுப்பினர் பலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 1.8 ஆகும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை நாம் கடக்க வேண்டிய தூரத்தைக் கடந்துவிட்டோம்.

எனினும் ஒரு பெருங்குறை எஞ்சி நிற்கிறது. பிள்ளைகள் எத்தனை என்பது தீர்ந்துவிட்டது; எப்பொழுது பெறுவது, யாருடைய விருப்பப்படி பெறுவது, தடுக்கும் பொறுப்பை யாருடைய உடல் தாங்குவது என்பன தீரவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் பற்றியதே ஆகும்.

குறை எங்கே இருக்கிறது?

நம் கிராமங்களில் நடைபெறும் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருமணமான சில மாதங்களில் முதற் கர்ப்பம். அக்குழந்தை நடக்கத் தொடங்குமுன் இரண்டாவது கர்ப்பம். இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு தாய்க்குக் கருத்தடை அறுவை. இதுவே பல குடும்பங்களின் வரலாறு. நாடு முழுவதிலும் 15 முதல் 49 வயதிற்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் இவ்வறுவையைச் செய்துகொண்டவர்கள் என்றும், ஆடவர் அறுவையை நம்பியிருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்றும் அதே ஆய்வு கூறுகிறது. தமிழ்நாட்டிலோ அறுவை செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேற்பட்டோர். பலருக்கு முப்பது வயது நிரம்புமுன்பே இது முடிந்துவிடுகிறது.

அறுவை நல்ல முறையே. ஆனால் அது ஒன்றே முறை என்று கருதுவதால், முதற் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் நடுவே தம்பதிகள் எவ்விதப் பாதுகாப்புமின்றி இருக்கின்றனர். எதிர்பாராத கர்ப்பங்கள் பெரும்பாலும் இந்த இடைக்காலத்திலேயே நேர்கின்றன.

இடைவெளி எதற்காக?

ஒரு குழந்தை பிறந்த பிறகு, அடுத்த கருவைத் தாங்குமுன் குறைந்தது 24 மாதங்கள் கழிய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது, இரு பிள்ளைகளின் வயதுக்கு இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருத்தல் நலம். கருச்சிதைவு ஏற்பட்டிருப்பின் ஆறு மாதங்களேனும் பொறுத்தல் வேண்டும். நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டுதலிலும் இழந்த சத்தினை மீண்டும் பெறுமுன் மற்றொரு கர்ப்பம் வந்தால் தாயின் உடல் தாங்காது; பிறக்கும் குழந்தையும் குறைமாதத்திலோ எடை குன்றியோ பிறக்கக் கூடும்.

விவசாயிகளுக்கு இடைவெளியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. திருந்திய நெல் சாகுபடியில் பயிருக்குப் பயிர் 25 சென்டிமீட்டர் விட்டு நடுகிறோம்; கன்று ஈன்ற பசுவை இரண்டு, மூன்று மாதங்கள் கழியுமுன் மீண்டும் சினைக்கு விடுவதில்லை. பயிரிடத்தும் பசுவினிடத்தும் காட்டும் முன்யோசனையை வீட்டுப் பெண்களிடத்தும் காட்டுதல் நம் கடமையன்றோ?

தவறான நம்பிக்கைகள்

முறைகளைக் கூறுமுன், ஊரில் வழங்கும் மூன்று நம்பிக்கைகளைத் திருத்துதல் அவசியம்.

முதலாவது, “பால் கொடுக்கும் வரை கரு தங்காது” என்பது. இது அரை உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருத்தல், தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடாமல் இருத்தல், மாதவிலக்கு மீண்டும் வராமல் இருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தினால்தான் இதனை நம்பலாம். ஒன்று தவறினும் பாதுகாப்பு இல்லை. மாதவிலக்கு மீண்டும் தோன்றுமுன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடும். ஆகவே, விலக்கு வராமலேயே கர்ப்பம் தரித்தோர் பலர் உளர்.

இரண்டாவது, மாதவிலக்கை அடுத்த நாட்களில்தான் கரு உண்டாகும், மாத நடுவில் அச்சமில்லை என்பது. உண்மை இதற்கு மாறானது. விலக்கு ஒழுங்காக வரும் பெண்களுக்கு, விலக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை கருத்தரிக்கும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, கணவன் எச்சரிக்கையாக விலகிக்கொண்டால் போதும் என்பது. இவ்வழக்கத்தையே நம்பியிருக்கும் தம்பதிகள் நூற்றுவரில் ஏறத்தாழ இருபதின்மர் ஓராண்டிற்குள் கருத்தரித்துவிடுகின்றனர். எவ்விதத் தடையும் கொள்ளாதவர்களில் இத்தொகை எண்பத்தைந்து.

தற்காலிக முறைகள்

கீழ்க்கண்ட முறைகள் அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைப்பன. விரும்பும்பொழுது நிறுத்திவிட்டு மீண்டும் பிள்ளை பெறலாம்.

1. ஆணுறை: கணவன் ஏற்கும் முறை, பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி. கிருமியிலிருந்தும் காப்பது இது ஒன்றே. ஒவ்வொரு முறையும் புதியதைப் பயன்படுத்த வேண்டும். வழக்கத்தில் தவறுகள் நேர்வதால் ஆண்டுக்கு நூற்றுவரில் ஏறத்தாழ பதின்மூவர் கருத்தரிக்கின்றனர்.

2. மாலா-என் மாத்திரை: ஓர் அட்டையில் 28 மாத்திரைகள்; 21 கருத்தடைக்கு, 7 இரும்புச் சத்துக்கு. நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாத பாலூட்டும் தாய்மாரும், மிகுந்த இரத்த அழுத்தம் உடையோரும் இதனை உட்கொள்ளலாகாது.

3. சாயா மாத்திரை: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்கு இரு முறையும், பின்னர் வாரத்துக்கு ஒரு முறையும் உட்கொள்ள வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றது.

4. அந்தரா ஊசி: மூன்று மாதங்களுக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது. விலக்கு முறை தவறலாம் அல்லது நின்றுவிடலாம்; இதனால் “கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடும்” என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதை முன்பே அறிந்திருத்தல் நலம்.

5. காப்பர்-டி: கருப்பையினுள் பொருத்தப்படுவது. ஐந்தாண்டு பயன்படுவதும் பத்தாண்டு பயன்படுவதும் என இரு வகை உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரங்கள் கழித்தோ பொருத்திக்கொள்ளலாம். ஆண்டுக்கு நூற்றுவரில் ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை. முதற் சில மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் சற்று மிகலாம். நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது மார்புக்கு ஏறிவிடும் என்பது வீண் அச்சம்.

நிரந்தர முறையும் ஆடவர் பங்கும்

இனிப் பிள்ளை வேண்டா என உறுதி செய்துகொண்ட தம்பதிகளுக்கு அறுவை முறை உரியது. பெண்ணுக்குச் செய்யும் அறுவையில் வயிற்றைத் திறந்து உள்ளிருக்கும் குழாய்களை அடைக்க வேண்டும். ஆணுக்கோ, மரத்துப்போகும் ஊசியிட்டு, கத்தியும் தையலும் இன்றி, தோலில் ஒரு சிறு துளை வழியே அரை மணிக்குள் முடித்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாளில் இலேசான வேலை செய்யலாம். ஒரு வாரம் கழித்து மண்வெட்டி பிடிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம்.

இதனால் ஆண்மை குன்றும், உழைக்கும் வலிமை போய்விடும் என்னும் எண்ணமே ஆடவரைத் தடுக்கிறது. அறுவையில் அடைக்கப்படுவது விந்தணு செல்லும் குழாய் மட்டுமே. ஆண்மைக்குரிய சுரப்புகள் நேரே இரத்தத்தில் கலப்பவை. அவை முன்போலவே தொழிற்படும். ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்: முதல் மூன்று மாதங்களுக்கு வேறு தடையைக் கைக்கொண்டு, பின்னர் விந்துப் பரிசோதனை செய்து உறுதி பெற வேண்டும்.

இம்முறை என்றும் ஒதுக்கப்பட்டதாக இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஜூலையில், கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் ஏறத்தாழ 63,000 ஆடவர் அறுவை செய்துகொண்டனர். பின்னர் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், வட மாநிலங்கள் பலவற்றில் ஆடவரைக் கட்டாயப்படுத்தி அறுவை செய்வித்தனர். மக்கள் அஞ்சி வெறுத்தனர். அவ்வச்சத்தின் பின் ஆடவர் அறுவை அருகிப்போக, சுமை முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. கட்டாயத்தால் விளைந்த கேடு அரை நூற்றாண்டாகியும் தீரவில்லை. 1996இல் மத்திய அரசு மேலிருந்து இலக்கு விதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டதும் இவ்வுண்மையை உணர்ந்தேயாகும். ஆகவே எந்த உறுப்பினரும், எந்த அலுவலரும், எவரையும் எம்முறைக்கும் வற்புறுத்தலாகாது. அறிவிப்பது நம் கடமை. முடிவு செய்வது தம்பதிகளின் உரிமை.

எதிர்பாராமல் நேர்ந்தால்

ஆணுறை கிழிந்தாலோ, மாத்திரை தவறினாலோ, 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரையை உட்கொள்ளலாம். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. இது ஆபத்துக்கு உதவுவதேயன்றி, வாடிக்கையாகக் கொள்ளத்தக்கதன்று.

கர்ப்பம் உறுதியாகிவிட்டால், மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும், மறைவில் கைவைத்தியம் செய்துகொள்வதும் உயிருக்கே உலை வைக்கும் செயல்கள். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 2021இன் திருத்தத்துடன், தக்க காரணம் இருப்பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் இதற்கு இடமளிக்கிறது. கருத்தடை முறை பயன்தராமற் போனதும் தக்க காரணங்களுள் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணாயின் அவளது சம்மதம் ஒன்றே போதும்; கணவனின் கையொப்பம் தேவையில்லை. அவளது பெயரை வெளியிடுவது குற்றமாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவ்வாண்டிலேயே நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். ஒன்று, துணைச் சுகாதார நிலையத்தில் மேற்சொன்ன பொருள்கள் இருப்பில் உள்ளனவா என்று கிராம சுகாதாரக் குழுக் கூட்டந்தோறும் கேட்டறிதல். குறைவிருப்பின் எழுத்து மூலம் வட்டார மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்தல். இரண்டு, கிராம சுகாதார செவிலியர் பெண்களுடன் தனிமையில் பேசுவதற்கு ஓர் அறை ஒதுக்கித் தருதல். மூன்று, உழவர் கூட்டங்களில் கால்மணி நேரம் ஒதுக்கி, ஆடவருக்கென்றே ஆண் சுகாதார ஆய்வாளரைப் பேசச் செய்தல். நான்கு, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்புமுன் ஊரில் எத்திருமணமும் நடவாதபடி காத்தல். இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்க இதனினும் சிறந்த வழி இல்லை.

யார் எம்முறையைக் கொண்டார் என்று பெயர்ப் பட்டியல் எழுதுவது ஊராட்சியின் வேலையன்று. கேட்டு வருவோருக்குப் பொருளும், அறியாதோருக்குச் செய்தியும், அறிந்தோருக்கு மறைவும் கிடைக்கச் செய்தலே அதன் வேலை. புதிதாக மணமுடித்த இளைஞன் ஒருவன் தன் மனைவியுடன் துணைச் சுகாதார நிலையத்துக்குக் கூச்சமின்றிச் சென்று, “முதற் பிள்ளைக்கு இன்னும் ஈராண்டு பொறுக்க விரும்புகிறோம்; எங்களுக்கேற்ற முறை எது?” என்று கேட்கும் நிலை உங்கள் ஊரில் உண்டாயின், அவ்வூராட்சி இத்துறையில் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.