வேலை வாங்குபவர் ஒருவர், சம்பளம் தருபவர் ஒருவர்

கொழும்பு, கட்டுநாயக்கா முதலிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் தமக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரையும் தாமே சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு பகுதியினரை 'மனிதவலு' முகவர் நிலையங்கள் மூலம் தற்காலிகமாகப் பெறுகின்றன. படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது விரைவாகத் திறக்கும் வாசல். ஆயினும் உள்ளே போகுமுன் பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை சில உண்டு.

மூவர் கூடிய உறவு

சாதாரண வேலையில் முதலாளி, தொழிலாளி என இருவரே உளர். இங்கே மூவர். வேலை நடப்பது தொழிற்சாலையில். வேலை சொல்பவரும் அங்குள்ள மேற்பார்வையாளரே. சம்பளமோ முகவர் கையால் வருகிறது. தொழிற்சாலை கொடுக்கும் தொகையில் முகவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறார். குறையொன்று நேர்ந்தால், "முகவரைக் கேள்" என்று தொழிற்சாலையும், "தொழிற்சாலையைக் கேள்" என்று முகவரும் கைகாட்டக்கூடும். பிள்ளை நடுவில் நிற்கும்.

இடைநின்று ஆள் சேர்க்கும் முறை எம் நாட்டுக்குப் புதிதன்று. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், தொழிலாளியின் கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் மாறிப்போக முடிந்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் கணக்கு பிறர் கையில் இருந்தால் தொழிலாளி எவ்வளவு கட்டுண்டு போவான் என்பதற்கு அது ஒரு பாடம்.

சட்டம் தரும் உரிமை

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. நிரந்தர ஊழியருக்கு மட்டுமே அது உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தற்காலிக ஊழியருக்கும் முதல் நாள் தொடக்கமே உரியது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12 அதிற் சேர வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும்.

"வெட்டு எதுவுமில்லை, முழுக்காசும் கைக்கு வரும்" என்று சில முகவர் சொல்வதுண்டு. கேட்க இனிமையாயிருக்கும். கணக்குப் பார்ப்போம். மேலதிக நேரச் சம்பளம் நீங்கலாக மாதம் 30,000 ரூபா பெறும் பிள்ளைக்கு, வெட்டப்படாமல் கையில் மிஞ்சுவது 2,400 ரூபா. முதலாளி பக்கத்திலிருந்து வராமற் போவது 3,600 ரூபாவும் 900 ரூபாவுமாக 4,500 ரூபா. இரண்டு வருடத்தில் 108,000 ரூபா! அது சலுகையன்று, உழைத்த கூலியின் ஒரு பகுதி.

பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டினது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவை முடித்த மாதச் சம்பள ஊழியர் விலகும்போது, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பெற உரித்துடையவர். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் கடிதம் கொடுத்து, சேவை அறுந்தது போலக் காட்டும் இடங்களும் உண்டு. ஆகவே பழைய கடிதம் எதையும் எறிந்துவிடலாகாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. நியமனக் கடிதம் யாருடைய பெயரில் தரப்படும்? சம்பளமும் வேலை நேரமும் அதில் உண்டா?
2. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எப்போது கிடைக்கும்?
3. மாதந்தோறும் சம்பளச் சிட்டை தரப்படுமா?
4. வேலையில் காயம் பட்டால் பொறுப்பேற்பவர் யார்?
5. வேலை பெற்றுத்தரப் பணம் கேட்கிறார்களா? தனியார் முகவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது, சர்வதேச தொழில் தாபனம் 1997இல் நிறைவேற்றிய சமவாயத்தின் பொது நெறி.

தேசிய அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதியைக் கொடுக்கலாம். மூலத்தைக் கையளித்து வைக்க வேண்டாம். வேலை செய்த நாட்களையும் மேலதிக நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வருவது நன்று. நிதிக்குப் பணம் கட்டப்படவில்லையெனில் அண்மையிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அவ்வேளையில் அந்தக் கொப்பியும் கடிதங்களுமே கைகொடுக்கும்.

குடும்பமாகச் சிந்திக்க

எமது பிள்ளையின் சேமலாப நிதி இலக்கம் எமக்குத் தெரியுமா? அயலில் இவ்வாறு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இவற்றை எடுத்துச் சொல்லக்கூடியவர் யார்? கைக்கு வரும் காசை மட்டும் கேட்கும் நாம், கைக்கு வராமற் போவதையும் கேட்கிறோமா?