பந்தல் குழுவில் பேசாதவர்கள் யார்?

தைப்பூசத்துக்குச் சில மாதம் இருக்கும்போதே ஜோர்ஜ்டவுனில் தண்ணீர்ப் பந்தல் குழுக்கள் கைப்பேசியில் உயிர் பெற்றுவிடும். முன்பெல்லாம் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினோம். இப்போது பேச்சு புலனத்தில், பால் கணக்கு கூகள் ஷீட்டில். அலுவலக வேலைக்குப் போகிற சிலர் ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ் என்று அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுப் பணித்தளம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தில் யார் எவ்வளவு ஈடுபடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்த இதழின் பாடம். எண்ணலாமா? எண்ணினால் எதை எண்ணுவது? எண்ணி முடித்த பிறகு அதை வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்றால், எங்கள் வட்டாரப் பந்தல் குழுவில் ஒரு பட்டியல் சுற்றியது. 30 நாளில் ஒரு செய்திகூடப் போடாதவர்களின் பெயர்ப் பட்டியல். "இவங்கள குரூப்ல இருந்து எடுத்திடலாமா? சும்மா இருக்காங்க" என்று கீழே ஒரு வரி. எழுதிய தம்பி கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவனுக்கு வேலைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர், வருஷா வருஷம் விடியற்காலையில் வந்து அண்டா கழுவி வைக்கிற அக்கா. ஐந்தாவது பெயர், பட்டர்வொர்த்திலிருந்து ஐஸ் கட்டி ஏற்றிய லோரியை ஓட்டி வருகிற அண்ணன். இரண்டு பேரும் குழுவில் பேசவில்லை, சரிதான். பேசாதவர் சும்மா இருக்கிறார் என்று யார் சொன்னது?

கருவிகள் எப்படி எண்ணுகின்றன என்று முதலில் பார்ப்போம். ஸ்லாக்கில் "செயல்படும் உறுப்பினர்" என்று ஒரு எண் காட்டும். செய்தி போட்டவர் மட்டும் அதில் வருவதில்லை. திறந்து படித்தவரும் வருவார். செய்தி போட்டவர்கள் எத்தனை பேர் என்பது தனி எண். இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. டீம்ஸில் குழுவின் பொறுப்பாளர் 7, 30, 90 நாள் என்று தேர்ந்தெடுத்து, எத்தனை பதிவு, எத்தனை மறுமொழி என்று பார்க்கலாம். புலனத்தில் இப்படி ஒரு பலகை கிடையாது. நீங்கள் அனுப்பிய ஒரு செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்று பட்டியல் வரும். நீலக்குறியை அணைத்து வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: அது தனி உரையாடலுக்குத்தான். குழுவில் நீங்கள் பார்த்தது மற்றவருக்குத் தெரியும்.

ஆனால் "பார்த்தார்" என்றால் குழுவைத் திறந்தார் என்று மட்டுமே பொருள். 140 செய்தி குவிந்து கிடக்கும்போது ஒரே தள்ளில் கீழே போய்விட்டாலும் நீலக்குறி விழும். வெள்ளி ரதம் எங்கள் பந்தலைத் தாண்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிற செய்தி அந்த 140-க்குள் புதைந்து கிடந்தால், நீலக்குறி இருந்தும் பயன் இல்லை. 2017-லிருந்து நம் ஊரில் தங்க ரதம், வெள்ளி ரதம் என்று இரண்டு ரதம் வேறு. எது எப்போது எங்கே வருகிறது என்ற செய்தி அன்று முழுக்க மாறிக்கொண்டே இருக்கும்.

எண்ணுவதில் பெரிய கம்பெனியே தடுமாறிய கதை ஒன்று உண்டு. 2020-இல் கோவிட் காலத்தில் உலகமே வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தது. அந்த நவம்பரில் மைக்ரோசாப்ட் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்ற வசதியைப் பரவலாகத் திறந்துவிட்டது. ஓர் ஊழியர் கடந்த 28 நாளில் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் உரையாடலில் எழுதினார் என்பதையெல்லாம் அவர் பெயரோடு நிர்வாகி பார்க்க முடிந்தது. வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் வொல்ஃபி கிறிஸ்டல் இதை வேலையிடக் கண்காணிப்பு என்று பொதுவெளியில் சுட்டிக்காட்டினார். எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 1-ஆம் தேதி மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது: ஆட்களின் பெயர் எடுக்கப்படும், நிறுவனம் முழுமைக்கும் சேர்த்த எண் மட்டும் காட்டப்படும் என்றது. பிறகு அந்தப் பெயரையே 'அடாப்ஷன் ஸ்கோர்' என்று மாற்றிவிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், எண்ணுவதை அவர்கள் நிறுத்தவில்லை. பெயரை மட்டும் எடுத்தார்கள். அப்படி எடுத்ததும் கேள்வியே மாறிப்போகிறது. "யார் சோம்பேறி?" என்பது போய், "நம் தளம் ஆட்களுக்கு வசதியாக இருக்கிறதா?" என்று வருகிறது.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-இல் பணக்கொள்கை பற்றிப் பேசும்போது ஒன்று சொன்னார். ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்ததும் அந்த அளவு நம்பத்தகாததாகிவிடும் என்பது அதன் சாரம். நமக்குப் பொருளியல் வேண்டாம். "மாதம் பத்து செய்தியாவது போடணும், இல்லன்னா குரூப்ல இடமில்ல" என்று நாளைக்குச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலை என்ன நடக்கும்? தாமரைப் பூப் படத்தோடு காலை வணக்கம் நாற்பது வரும். கட்டைவிரல் சின்னம் மழையாகக் கொட்டும். பலகையில் ஈடுபாடு விண்ணைத் தொடும். அண்டா கழுவ ஆள் இருக்காது.

இன்னொரு கணக்கும் சிலர் சொல்வார்கள். இணையக் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் படிப்பவர், 9 பேர் எப்போதாவது எழுதுபவர், 1 ஆள்தான் பெரும்பகுதியை எழுதுகிறார் என்று ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதிய கணக்கு. அது முகம் தெரியாதவர்கள் கூடும் பெரிய திறந்த குழுக்களுக்கான பொது அளவு. ஒருவரையொருவர் தெரிந்த 40 பேர் குழுவுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. இருந்தாலும், படிப்பவர் கூட்டம் எப்போதுமே பேசுபவரைவிடப் பெரியது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அப்போ எதை எண்ணுவது? என் கணக்கில் முதலாவது, பதில் கிடைக்காத கேள்விகள். புலனத்தில் உரையாடலை ஏற்றுமதி செய்தால் எழுத்துக் கோப்பு ஒன்று வரும். ஒவ்வொரு செய்திக்கும் தேதி, நேரம், அனுப்பியவர் இருக்கும். அதைக் கூகள் ஷீட்டில் ஒட்டுங்கள். அனுப்பியவர் பெயரை அ, ஆ, இ என்று எழுத்தாக மாற்றிவிட்டு, பெயர் இருந்த பகுதியை அழித்துவிடுங்கள். பிறகு கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். "மோருக்கு யார் பொறுப்பு?" என்று திங்கட்கிழமை கேட்டது, வியாழன்வரை பதில் இல்லாமல் கிடந்ததா? அப்படி ஒரு வாரத்தில் எத்தனை? குழுவின் உடல்நிலையை இந்த எண் காட்டும் அளவுக்கு, மொத்தச் செய்தி எண்ணிக்கை காட்டாது. பதில் வராத கேள்விகள் புதியவர்கள் கேட்டதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதல் கேள்விக்கே பதில் கிடைக்காத தங்கை இரண்டாவது கேள்வி கேட்கமாட்டாள். அடுத்த வருஷம் வரவும் மாட்டாள்.

இரண்டாவது, நேரம். முடிவுகள் எந்த மணியில் எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். பினாங்கில் இது முக்கியம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் வந்ததிலிருந்து நம் குடும்பங்களில் ஷிப்ட் வேலை பழகிப்போன விஷயம். இரவு 9 மணிக்கு "யாருக்கு எந்த வேலை" என்று ஆரம்பித்து 10 மணிக்கு முடித்துவிட்டால், இரவு ஷிப்டில் நிற்பவர் கைப்பேசியைத் தொடும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவர் எதற்குப் பேசுவார்? பலகை அவரை "ஈடுபாடு இல்லாதவர்" என்று காட்டும். உண்மையில் நாம் அவருக்கு வாசலைச் சாத்திவிட்டோம். எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழி வைத்தோம்: எந்த முடிவுக்கும் ஒரு முழு நாள் அவகாசம், புலனத்தில் வாக்கெடுப்பு, மறுநாள் இரவுதான் மூடுவது. வேகம் குறைந்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள். குறைந்தது உண்மைதான்.

மூன்றாவது, ஒரு வாரத்தில் எத்தனை வேறு வேறு ஆட்கள் ஏதாவது சொன்னார்கள் என்பது. 40 பேர் குழுவில் 300 செய்தி வந்தது, அதில் 250 இரண்டு பேருடையது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு பேர் உரையாடல், மற்றவர் பார்வையாளர். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பந்தல் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இந்த மூன்றும் தளத்தைப் பற்றியவை. ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமா? போன் போடுங்கள். அந்தப் பட்டியல் வந்தபோது நாங்கள் பெயர்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பேசினோம். ஐஸ் லோரி அண்ணன் சொன்னது: "எனக்குத் தமிழ்ல டைப் பண்ண வராது தம்பி. குரல் பதிவு போட்டா ஆளுங்க கேக்கறதில்ல." எந்தப் பலகையிலும் இது வந்திருக்காது. இப்போது குரல் பதிவு வந்தால் யாராவது ஒருவர் சாரத்தை இரண்டு வரியில் எழுதிவிடுகிறோம்.

எண்ணப் போகிறோம் என்பதை முதலிலேயே குழுவில் சொல்லிவிடுங்கள். எதற்கு, எவ்வளவு நாள், யார் பார்ப்பார் என்று மூன்று வரி போதும். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது. அதனால் பந்தல் குழு கைப்பேசி எண்களை எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சட்டம் நம்மைத் தொடாது என்பதற்காக ஒரு தங்கையின் கைப்பேசி எண்ணையும் அவள் எத்தனை மணிக்கு விழித்திருந்தாள் என்பதையும் ஷீட்டில் போட்டு இருபது பேருக்குப் பகிர்வதா? ஏற்றுமதி செய்த கோப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கூட்டத்துக்கு எண்களை மட்டும் அரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும். பந்தல் பிரித்த வாரத்திலேயே கோப்பை அழித்துவிடுங்கள். கூகள் டிரைவில் அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அங்கே போய் அதையும் ஒருமுறை அழிக்க வேண்டும்.